கரண்ட்டு வேணாம்மா

“அத்தாவோட ஈசிஜி எனக்கு வேணும். காலையில எடுத்தது எல்லாமே.”

கேட்டுவிட்டு ஃபஹீமா கவுன்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் நிமிர்ந்தாள். “அப்பா பாடியை ரிலீஸ் பண்ணியாச்சேம்மா. சம்மரி குடுத்தோமே, அது போதும்.”

“எனக்குப் போதாது.”

இருபத்து மூன்று வருடமாக அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது இதற்கு நேர் எதிர். டாக்டரிடம் எதையும் கேட்டு வாங்கக் கூடாது. குடுத்தா வாங்கிக்கோ, குடுக்கலைன்னா பேசாம வந்துடு, கேள்வி கேட்டா அவங்களுக்குக் கோவம் வரும், கோவத்துல ஊசியை மாத்திப் போட்டுடுவாங்க என்பார் அத்தா. பம்மல் மெயின் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அதே நசீருதீனிடம் எவனாவது வந்து, “எதனால எரிஞ்சுது பாய்?” என்று கேட்டுவிட்டால் போதும், மோட்டாரைப் பிரித்துவைத்து அரை மணி நேரம் விளக்குவார். வீட்டிலேயே முதல் ஆளாகக் காலேஜ் போய் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்த மகளும் அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தாள். இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு அத்தா இறக்கும் வரை.

“இன்னா புள்ள இது?” வாசலிலிருந்து சின்னத்தா வந்தார். அத்தாவின் தம்பி. அழுது அழுது குரல் போயிருந்தது. “மய்யத்தை வண்டியில ஏத்தியாச்சு. நீ இங்க நின்னுகினு பேப்பர் கேக்குற. கேஸு போடப் போறியா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு? அந்தச் சின்ன டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் தெரியல. அண்ணன் போய்ட்டாரு. வா.”

டாக்டரம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் ஃபஹீமா ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கவில்லை.

காலையில் அவள் ஸ்கூட்டியில்தான் அத்தா கடைக்கு வந்தார். ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வாயு என்றார். எமர்ஜென்சியில் படுக்கவைத்து ஒயர்களை ஒட்டியதும் மானிட்டரில் இருநூற்றுப் பத்து என்று வந்தது. நாடித்துடிப்பு. ஃபஹீமா முதலில் அதை பிபி என்று நினைத்தாள். பிபி எழுபதுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் ஜெரூஷா, அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம், அத்தாவின் காதருகே குனிந்து பேசினாள். ஹார்ட் ரொம்ப வேகமா ஓடுதுங்க அய்யா. இந்த வேகத்துல ரத்தத்தைத் தள்ள முடியாது. மருந்து வேலை செய்யறவரைக்கும் காத்திருக்க நேரமில்லை. தூங்க மருந்து குடுத்துட்டு, ஒரு சின்ன ஷாக் வெச்சா ஒழுங்குக்கு வந்துடும்.

ஷாக் என்ற சொல் கேட்டதும் அத்தா கண்ணைத் திறந்தார்.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். ஃபஹீமாவின் தங்கை கைனாத் பிறந்த வருடம், அதே கடையில், டெஸ்ட் பெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் கை வைத்தவர் ஒட்டிக்கொண்டார். கட்டையால் அடித்துப் பிரித்தது அத்தாதான். பிரித்தபோது உயிர் இல்லை. அன்றிலிருந்து பொழிச்சலூர் வீட்டில் சுவிட்ச் போர்டு ஒவ்வொன்றின் கீழும் ஒரு மரப்பலகை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பலகை மேல் ஏறாமல், செருப்பு மாட்டாமல் யாரும் ஃபேன் கூடப் போட முடியாது. விருந்தாளி சிரித்தால் சிரிக்கட்டும்.

“கரண்ட்டு வேணாம்மா,” என்றார் அத்தா. டாக்டரிடம் அல்ல, மகளிடம். “எனக்குத் தெரியும் கரண்ட்டு. மருந்து போடச் சொல்லு.”

சம்மதப் படிவம் ஃபஹீமா கையில் இருந்தது. பேனாவும் இருந்தது. ஜெரூஷா இரண்டு முறை சொன்னாள், மூன்றாவது முறை கெஞ்சினாள். அத்தா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய கால் விரல்கள் மட்டும் கட்டிலின் ஓரத்தில் எதையோ தேடித் துழாவிக்கொண்டிருந்தன. அவருக்கு நினைவு தப்புகிறது என்று ஃபஹீமா நினைத்தாள். “டாக்டர், மருந்தே போடுங்க,” என்றாள். பதினோரு நிமிடம்தான் தாங்கியது. பிறகு மானிட்டரின் கோடு கிறுக்கலாகி, யாரும் யாரையும் கேட்காமல் ஷாக் வைத்தார்கள். மூன்று முறை. நெஞ்சை அழுத்தினார்கள், நாற்பது நிமிடம்.

இப்போது ஜெரூஷாவே ஜெராக்ஸ் தாள்களோடு வந்தாள். கவுன்டரில் வைக்காமல் ஃபஹீமா கையில் கொடுத்தாள்.

“ஒண்ணு கேக்கணும். வீட்டுல வேற யாருக்காவது திடீர்னு படபடப்பு வருமா? மயக்கம்? இது சில குடும்பத்துல வரும். வராமலும் இருக்கலாம்.”

ஃபஹீமா வாயெடுப்பதற்குள் சின்னத்தா முந்திக்கொண்டார். “எல்லாரும் நல்லாகீறாங்க டாக்டர்.”

அவள் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சின்னத்தா சொன்னதற்கு அவள் மறுத்துப் பேசவில்லை. வண்டியில் அத்தாவின் காலடியில் உட்கார்ந்து பல்லாவரம் வரும்வரை தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

ஏனென்றால் எல்லாரும் நன்றாக இல்லை. கைனாத்துக்கு இரண்டு வருடமாக இருக்கிறது.

தங்கைக்குப் பத்தொன்பது வயது. நின்றுகொண்டிருக்கும்போதே சுவரைப் பிடிப்பாள், கழுத்தில் நரம்பு தவ்வும், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். வீட்டில் அதற்கும் வாயு என்றே பெயர். பல்லாவரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அக்தருக்கு அவளைப் பேசி முடித்ததும் பெயர் சொல்வதுகூட நின்றுபோனது. டாக்டர்கிட்ட போனா சீட்டு எழுதுவாங்க, சீட்டு இருந்தா நாலு பேருக்குத் தெரியும், நிக்காஹ் முடியற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. அத்தா சொன்னார், அம்மா தலையாட்டினாள், கைனாத்தும் தலையாட்டினாள்.

மூன்று மணிக்குள் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, அத்தாவை ஹாலில் கிடத்தியாகிவிட்டது. மாலை அஸர் தொழுகை முடிந்து எடுப்பதாகப் பேச்சு. ஆண்கள் வெளியே பந்தலில். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் ஓதுகிறவரின் குரல் அமிழ்ந்து மறுபடி மேலே வந்தது. உள்ளறையில் அம்மா ஜஹீரா வெள்ளை முக்காட்டுக்குள் சுருண்டிருந்தாள். கணவனை இழந்தவளின் முறைப்படி இனி நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட மாட்டாள். பக்கத்தில் கைனாத். அவளுக்கு எதிரே, அக்தரின் அம்மா.

ஃபஹீமா தண்ணீர் கொண்டுவந்தவள் தங்கையின் கழுத்தைப் பார்த்தாள். துப்பட்டாவின் ஓரம் துடித்துக்கொண்டிருந்தது.

குனிந்து மணிக்கட்டைப் பிடித்தாள். போனில் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே எண்ண முயன்றாள். எண்ண முடியவில்லை. விரலுக்கடியில் துடிப்பு ஒழுங்கில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஓடியது. கை ஜில்லென்று இருந்தது.

“எத்தனை நேரமா?”

“மத்தியானம் லுஹர்ல இருந்து,” என்றாள் கைனாத். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. “அத்தாவை எடுக்கட்டும்னு இருந்தேன்க்கா. கண்ணு வேற இருட்டுது.”

“அழுத அசதி,” என்றாள் அக்தரின் அம்மா. பாவம், கரிசனமாகத்தான் சொன்னாள். “வெறும் வயிறு வேற. ஒரு சோடா வாங்கிக் குடுங்க, கலைஞ்சுடும்.”

அம்மா சம்பந்தியைப் பார்த்தாள். பிறகு ஃபஹீமாவைப் பார்த்தாள். “ஆமா. வாயுதான்.”

“வாயு இல்லம்மா.” அவள் மெதுவாகச் சொல்லவில்லை. அறையில் ஓதல் நின்றது. “காலையில அத்தாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எழுந்திரு கைனாத். என் தோள்ல கை போடு.”

வாசலில் சின்னத்தா மறித்தார். “எங்க போறீங்க? இன்னும் ஒரு மணி நேரத்துல எடுத்துடுவோம். பெத்த பொண்ணுங்க கடைசியா முகம் பாக்க வேணாமா?”

“பாத்தாச்சு,” என்றாள் ஃபஹீமா.

அது ஊரில் எத்தனை நாள் பேசப்படும் என்று அவளுக்குத் தெரியும். பேசட்டும்.

எதிர் வீட்டு குப்புராஜ் ஆட்டோவைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு, குழி வெட்டுகிற இடத்துக்குப் போகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா, மவுத்து வூட்லர்ந்து இம்மாம் அவசரமா?” என்றவர் கைனாத்தைப் பார்த்ததும் செருப்பை மறுபடி மாட்டினார். “அய்யோ, புள்ள வெள்ளையாப் பூட்டுச்சே! குந்து, குந்து. நசீர் பாய் கோச்சுக்க மாட்டாரு. அவருக்கு மண்ணு போட ஊரே கீது.”

பம்மல் திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. குப்புராஜ் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். “யோவ், ஓரம் கட்டுய்யா! பிரசவ கேஸு! வண்டியிலயே பொறந்துடும் போல கீது!”

லாரி நகர்ந்தது. ஃபஹீமாவின் மடியில் தலை வைத்திருந்த கைனாத் கண்ணைத் திறக்காமலே முனகினாள். “பிரசவமா? மாமி காதுல விழுந்தா அவ்வளவுதான்.”

“பேசாம படு.”

“நீ ஏன்க்கா கத்துன? எல்லாரும் பாத்தாங்க.”

“இன்னும் கத்துவேன். படு.”

எமர்ஜென்சி வாசலில் வேறொரு நர்ஸ். முக்காடு போட்ட இரண்டு பெண்கள், மரண வீட்டிலிருந்து வருகிறார்கள் என்றதும் அவள் முகம் இளகியது. “பேனிக் ஆயிருக்கும்மா. அந்த பெஞ்ச்ல உக்கார வை, மெதுவா மூச்சு விடச் சொல்லு.”

ஃபஹீமா பையைத் திறந்து காலையில் வாங்கிய தாள்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இது எங்க அத்தா. காலையில இங்கதான் செத்தார். இவ அவர் பொண்ணு. கையில அந்த கிளிப்பை மாட்டிப் பாத்துட்டு அப்புறம் பெஞ்ச்ல உக்காரச் சொல்லுங்க.”

விரலில் மாட்டினார்கள். இருநூற்றுப் பதினாறு.

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. கட்டில் வந்தது, ஒயர்கள் வந்தன, ஜெரூஷா கையில் பாதி தின்ற சம்சாவோடு ஓடிவந்து அதை எங்கேயோ போட்டுவிட்டுக் கையுறை மாட்டினாள். பிபி எழுபத்தாறு. புதிதாக வந்த ஈசிஜி தாளையும் காலையில் எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அகலமான கோடுகள், சமமில்லாத இடைவெளி. இரண்டும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தன.

“சிஸ்டர், அந்த ஊசியை எடுத்து உள்ள வைங்க,” என்றாள். பிறகு ஃபஹீமாவிடம், “சாதாரணமா வேகமா ஓடினா ஒரு ஊசி போட்டு நிறுத்திப் பாப்போம். இந்த வகைக்கு அதைப் போடக் கூடாது, இன்னும் மோசமாகும். நல்லவேளை, இந்தப் பேப்பர் கையில இருந்துச்சு.” மூச்சு வாங்கினாள். “ஷாக் குடுக்கணும். இப்பவே.”

படிவத்தை நீட்டினாள். காலையில் நீட்டியதும் இதேதான். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“கரண்ட்டா?” என்றாள் கைனாத். கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த கையை வெடுக்கென்று எடுத்தாள். “அக்கா, வேணாம். பெரியத்தா மாதிரி ஆயிடும். அத்தா கரண்ட் கிட்டயே போகக் கூடாதுன்னுதானே…”

“பெரியத்தாவை அடிச்சது மோட்டார். அது யாரையும் பாக்காது,” என்றாள் ஃபஹீமா. குரலைத் தாழ்த்தக் கஷ்டப்பட்டாள். “இந்த மெஷின் உன் துடிப்பைப் பாத்துகினே இருக்கும். எந்த இடத்துல விடணுமோ அந்த இடத்துல மட்டும் விடும். ஒரே தடவை. நீ தூங்கிட்டிருப்ப.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“காலையில டாக்டர் சொன்னாங்க. அத்தாகிட்ட.”

கைனாத் அவளையே பார்த்தாள்.

“அத்தா வேணாம்னார். நான் சரின்னு விட்டுட்டேன்.”

மானிட்டர் கூவிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. கைனாத் படிவத்தை வாங்கினாள். பத்தொன்பது வயசாகிவிட்டது, அவளே போடலாம். கையெழுத்து கோணலாகப் போய்க் கட்டத்துக்கு வெளியே முடிந்தது.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள். “செருப்பு போட்டுக்கவா?”

காலையில் கட்டில் ஓரத்தில் செருப்பைத் தேடித் துழாவிய அத்தாவின் கால் விரல்களிலிருந்து ஃபஹீமாவால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவை இங்கே இல்லை, ஆனாலும்.

“அதெல்லாம் தேவை இல்…” என்று தொடங்கிய நர்ஸை ஜெரூஷா பார்த்தாள். “போட்டுக்கட்டும். ஒண்ணும் ஆகாது.”

ஃபஹீமா குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த ரப்பர் செருப்பை எடுத்துத் துடைத்து, தங்கையின் கால்களில் ஒவ்வொன்றாக மாட்டினாள். இடது செருப்பின் வார் விரலுக்கிடையே சரியாக உட்கார இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

ஊசி ஏறியதும் கைனாத்தின் இமைகள் சரிந்தன. “எல்லாரும் தள்ளி நில்லுங்க,” என்றாள் ஜெரூஷா. “கட்டிலைத் தொடாதீங்க.”

உடல் ஒரே ஒரு முறை தூக்கிப்போட்டது. ஒரு செருப்பு கழன்று தரையில் விழுந்தது. மானிட்டரில் கோடு நேராகப் போனது. கோடு இன்னும் நேராகப் போனது. பிறகு ஒரு மேடு. இடைவெளி. இன்னொரு மேடு. இடைவெளி.

தொண்ணூற்றி இரண்டு.

ஜெரூஷா சுவரில் சாய்ந்துகொண்டாள். கையுறையைக் கழற்றாமலே நெற்றியைத் துடைத்தாள். “காலையில நான் இன்னும் கத்தியிருக்கணும்,” என்றாள்.

“நானும்,” என்றாள் ஃபஹீமா.

அரை மணி நேரத்தில் கைனாத் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். நெஞ்சில் சிவப்பாக ஒரு தடம், வெயிலில் காய்ந்ததுபோல். ஜெரூஷா புதுத் தாளைக் காட்டி விளக்கினாள். துடிப்பு போக வேண்டிய வழி ஒன்று உண்டு, இவளுக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அதில் நுழைந்தால்தான் இந்த ஓட்டம். தொடை நரம்பு வழியாக மெல்லிய கம்பியை அனுப்பி அந்தக் குறுக்கு வழியைச் சுட்டு அடைத்துவிடலாம். பெரும்பாலும் திரும்ப வராது. நாளை காலையே பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சீட்டு எழுதினாள். “நீங்களும் ஒரு ஈசிஜி எடுத்துக்கோங்க,” என்றாள் ஃபஹீமாவிடம். எடுத்தார்கள். அவளுடையது நேராக ஏறி நேராக இறங்கியது.

ஐந்தரைக்கு, கைனாத்தை மாற்றியிருந்த மூன்றாவது மாடி வார்டுக்குச் சின்னத்தா வந்தார். கைலியின் ஓரத்திலும் நகத்திலும் ஈர மண். கைனாத் டீயில் பன்னைத் தோய்த்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவள் தலையில் கை வைத்தார். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

“நல்லபடியா அடக்கம் பண்ணியாச்சு,” என்றார். ஃபஹீமாவைத் தனியே ஜன்னலோரம் அழைத்தார். “டிஸ்சார்ஜ் கேளு. மாப்பிள்ளை கீழ நிக்கிறாரு. லோ பிபின்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். சீட்டு குடுத்திருக்காங்க.”

“அதெல்லாம் நிக்காஹ் ஆவட்டும். ரெண்டே மாசம். இப்ப கம்பி வுட்டாங்க, நெஞ்சைச் சுட்டாங்கன்னா அக்தரோட அம்மா அப்பவே தட்டைத் திருப்பிக் குடுத்துடுவாங்க. அண்ணன் பாத்துப் பாத்து முடிச்ச சம்பந்தம் புள்ள.”

“ரெண்டு மாசத்துக்குள்ள மறுபடி வந்தா?”

“அண்ணனுக்கு அம்பத்திரண்டு வருஷம் ஒண்ணும் வரல. அந்த டாக்டர் மட்டும் ஒழுங்காப் பாத்திருந்தா…”

“டாக்டர் ஒழுங்காத்தான் பாத்தாங்க.” ஃபஹீமா திரும்பி நின்றாள். “இவளுக்குக் குடுத்ததைத்தான் காலையில அத்தாவுக்கும் குடுக்கறேன்னாங்க. அத்தா வேணாம்னார். ஃபாரம் என் கையில இருந்துச்சு. நான் போடல.”

விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. சின்னத்தா நகத்திலிருந்த மண்ணைப் பார்த்தார். கட்டிலில் கைனாத் பன்னை வாயில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

“அண்ணிக்குத் தெரியுமா?” என்றார் கடைசியில்.

“தெரியாது. நானே சொல்றேன்.”

“வேற யார்கிட்டயும் வேணாம் புள்ள. சொன்னா திரும்பியா வரப் போறாரு?”

ஃபஹீமா நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு தங்கையின் முன் வந்து நின்றாள்.

“அக்தர்கிட்ட சொல்லட்டா?”

கைனாத் விழுங்கினாள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தாள். “குறைச்சுச் சொல்லாதக்கா,” என்றாள். “முழுசாச் சொல்லு. சம்பந்தம் இருக்கிறதுன்னா இருக்கட்டும்.”

“எங்க போற?” சின்னத்தாவின் குரல் பின்னால் வந்தது. “ஃபஹீமா! இன்னா சொல்லப் போற?”

லிஃப்ட்டுக்கு முன் கூட்டமாக இருந்தது. அவள் படியில் இறங்கினாள். இரண்டாவது மாடியில் யாரோ ஒரு குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் மாடியில் ஈரத் தரை, சுவரோரமாக நடந்தாள். கீழே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டு வெயிலில், தொப்பி கூடக் கழற்றாமல் அக்தர் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். சட்டை முன்பக்கத்திலிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டான்.

ஃபஹீமா வேகத்தைக் குறைக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.